ஆட்டுத்தோல் விமானம்

பொய்கை கிராமத்தைத் தாண்டும்போது மாமா திரும்பி என் காதைப் பார்த்தார். "தொடச்சிக்கோடா. பெயிண்ட் இருக்குது. யார்னா பாத்தா தெரிஞ்சிடும்" என்றார். அவருடைய புருவங்கள் இரண்டும் அலுமினியப் பெயிண்டில் பளபளத்துக்கொண்டிருந்தன. நான் சொல்லவில்லை. சொன்னால் நின்றுகொண்டு அதற்கும் ஒரு காரணம் சொல்லுவார். எங்களுக்கு நிற்க நேரமில்லை. பின்னால் வேலூர் இருந்தது. ஆம்பூர் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு நடந்திருக்கிறேன். முதன்முதலில் விட்டு நடந்தது வேலூரைத்தான். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது.

எல்லாம் ஒரு விமானத்தால் வந்தது. வேலூர்ப் பொருட்காட்சியில் நிறுத்துவதற்காக ஒரு காண்டிராக்டர் பழைய போர் விமானம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி லாரியில் ஏற்றி வந்திருந்தார். இஞ்சின் கிடையாது. மூக்கில் ஒரு மரக் காற்றாடி, நடுவில் இரண்டு பேர் உட்காரக் குழி. இறக்கைகள் மரச்சட்டம். அதன்மேல் போர்த்தியிருந்த துணி மக்கி உதிர்ந்து, தின்றுவிட்டுப் போட்ட மீன் முள்போல் இருந்தன. அதைச் செப்பனிட்டுப் புதுசு மாதிரி காட்ட வேண்டும். குழியில் உள்ள இருக்கைகளுக்குத் தோல் தேடி ஆம்பூர் வந்த காண்டிராக்டர், எங்கள் மாமாவின் கண்ணில் பட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்து, ஆணி அடித்துக் காயவைப்பது அவர் வேலை. எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு ஆட்டுத்தோல் குறைவதாகவே அவருக்குத் தோன்றும். எங்கள் வீட்டுக் கட்டில், ஜன்னல், உடைந்த நாற்காலி எல்லாவற்றிலும் தோல் இருந்தது.

அவரோடு வேலூர் போய் விமானத்தைச் சுற்றி வந்தார். இறக்கையின் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"துணியா போடப்போறீங்க?"

"ஆமாம்பா. முன்ன துணிதான் இருந்துது."

"அதான் கிழிஞ்சிபோச்சி. தோல் போடுங்க சார். நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"வெயிட்டு ஜாஸ்தி ஆயிடாதா?"

"ஆனா இன்னா? பறக்கவா போவுது?"

காண்டிராக்டர் யோசித்தார். இறக்கை வேலை மாமாவுக்குக் கிடைத்தது. விமானம் நல்லபடியாக நின்றால், பொருட்காட்சி போகும் ஊருக்கெல்லாம் அதனோடு போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவருக்கே, மாதச் சம்பளத்தில், என்று பேச்சு.

அப்போது அப்பா, டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகி வீட்டில் படுத்திருந்தார். அம்மா ஷூ கம்பெனிக்காக வீட்டிலேயே மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். மேலே படிக்கப் பணம் வேண்டும். மாமா அன்று சாயங்காலம் வந்து, "அக்கா, இந்த வேல நெலச்சிதுன்னா பையன வேலூர் ஹாஸ்டல்ல போட்டு ஆறாவது படிக்க வெக்கறேன். நீ பேஜார் ஆவாத" என்றார். ஆக, என் ஆறாம் வகுப்பு அந்த இறக்கைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. நானும் ஆணி எடுத்துக்கொடுக்க அவரோடு வேலூர் போனேன்.

ஆட்டுத்தோல் பதமாவதற்கு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பொறுமையாக ஊற வேண்டும். அது மாமாவுக்குத் தெரியும். காண்டிராக்டருக்குத் தெரிந்ததெல்லாம் திறப்பு விழாத் தேதி. அதனால் மேலே வெந்து, நடுவில் மாவாக நிற்கும் இட்லியைப்போல் இருந்த தோல்களை மாமா பாதியில் வெளியே எடுத்தார். டேனரியில் ஒதுக்கித் தள்ளிய, ஓட்டை விழுந்த தோல்கள். இழுத்து, ஆணி அடித்து, ஓட்டைகளுக்கு ஒட்டுப்போட்டு, அதன்மேல் வெள்ளி நிறப் பெயிண்டை அடித்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் அது கம்பீரமாகத்தான் இருந்தது. காண்டிராக்டர் மாமாவின் தோளில் தட்டினார். நான் மனசுக்குள் ஹாஸ்டலில் எந்தப் பக்கம் பாய் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோடைமழை கொட்டியது.

காலையில் வாசனைதான் முதலில் தெரிந்தது. எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் இருப்பவர்கள். ஆனால் வேலூர் நாய்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக வந்து, விமானத்தின் நிழலில் பந்திக்கு வந்தவைபோல் வரிசையாக உட்கார்ந்தன. காற்றாடியின்மேல் காக்கைகள்.

"இன்னாய்யா இது?" என்றார் காண்டிராக்டர்.

"சண்டையில குண்டு போட்ட விமானம் சார். வாயில்லா ஜீவனுக்கு அதெல்லாம் மோப்பத்துல தெரியும்" என்றார் மாமா. காண்டிராக்டர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திறந்துவைக்க வந்தவர் மெட்ராஸ்காரர். அந்த மாதிரி விமானத்தையே இளவயதில் ஓட்டியவராம். வெள்ளை மீசை, கோட்டில் வரிசையாகப் பதக்கங்கள், இரும்புக் கம்பிபோல் நடை. அவர் ரிப்பன் வெட்டும்போது வெயில் ஏறிவிட்டது. சரியாகப் பதமாகாத பச்சைத்தோல் நனைந்தால் வெயிலில் என்ன செய்யும் என்று ஆம்பூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அது சுருங்கிச் சட்டத்தை இழுக்க ஆரம்பித்தது. சட்டங்கள் முனகின. காண்டிராக்டர் மைக்கில், "எதிரிகளை நடுங்கவைத்த இந்த விமானம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்க இறக்கையின் ஓரம் கிரீச்சென்று அப்பளம்போல் மேலே சுருண்டது.

"பறக்கப் போவுதுடோய்" என்று யாரோ கத்தினார்கள். முன்வரிசை எழுந்து பின்வரிசைமேல் விழுந்தது.

அந்தப் பெரியவர் மட்டும் அசையவில்லை. அருகில் வந்தார். குனிந்து முகர்ந்தார். இறக்கையை விரலால் தட்டினார். அது டும் என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கே டம் என்றது. அந்த நேரம் பார்த்து ஒரு செவலை நாய் எம்பி, சுருண்டிருந்த ஓரத்தைக் கவ்விக்கொண்டு தொங்கியது. வெள்ளிப் பெயிண்ட் உரிந்து, உள்ளேயிருந்து ஆட்டின் வால் பக்கத்து முடி ஒரு கொத்து எட்டிப் பார்த்தது.

பெரியவர் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது.

மாமா என் கையைப் பிடித்தார். "அழுவறாருடா. பட்டாளத்துக்காரன அழ வெச்சிட்டோம். நட."

சுத்தியல், செருப்பு, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தோம். சாலையில் தார் உருகியிருந்ததால் ஓரத்துப் புல்லில் நடந்தோம்.

பொய்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. காண்டிராக்டரின் ஜீப்தான். மாமா என்னைத் தள்ளிக்கொண்டு சாலையோரப் பாலத்துக்கு அடியில் புகுந்தார். ஜீப் மேலே நின்றது.

"யோவ் ஆம்பூர்க்காரரே" என்று காண்டிராக்டரின் ஆள் நாலா பக்கமும் திரும்பிக் கத்தினார். "எங்கய்யா கீற? பெரியவர் உன்ன பாக்காம போவமாட்டேங்கறாரு. கையோட கூட்டியாரச் சொல்றாருய்யா."

"பாக்கணுமாம்" என்றார் மாமா என் காதில். "துப்பாக்கி இல்லாம வருவானா பட்டாளத்தான்? மூச்சு வுடாத."

நான் விடவில்லை. ஜீப் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பிறகு வேலூர் பக்கமாகவே திரும்பிப் போய்விட்டது. பிழைத்தோம் என்று மாமா சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். பள்ளிகொண்டாவில் பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. தோல் கட்டின்மேல் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாமா பழைய டேனரிக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேஸ்திரி மாமாவின் வெள்ளிப் புருவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"அக்கா பையன். நாய் வெரட்டுவான்."

காயவைத்த தோலை நாயும் காக்கையும் இழுக்காமல் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. என் கையில் மூங்கில் கழி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த வேலையில் எனக்கு அனுபவம் இருந்தது.

டீ வந்தபோது மாமா நடந்ததை எல்லாருக்கும் நடித்துக்காட்டினார். காண்டிராக்டராக மைக்கில் பேசினார், நாயாகத் தொங்கினார். கடைசியில் முதுகைத் திருப்பிக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி, தோள்களைக் குலுக்கி அந்தப் பெரியவரைப்போல் அழுதார். அச்சு அசலாக இருந்தது. ஆனால் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழுகிற ஒரு பெரிய மனிதரைப் பார்த்து இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அதற்குள் ஒரு நாய் மைதானத்து ஓரத்தில் தோலை இழுக்க ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும்தானே இந்த வேலை என்று நினைத்துக்கொண்டு, கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.