சாவி அவரிடம், சைக்கிள் எங்கள் வீட்டில்

அண்ணன் இல்லாமல் ஒரு முந்திரிப் பருவம் வந்து போய்விட்டது. அவருடைய முதலாம் ஆண்டு நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், நிலக்கரி மைன்ஸில் அவரோடு உழைத்தவர்களுக்கும், பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எங்களுக்கு அக்கம்பக்கமாக இருந்தவர்களுக்கும் தங்கையின் வணக்கம். இறந்தவரைத் தெய்வமாக்கி எழுதுவது வழக்கம். அதை மற்றவர்கள் முன்பக்கங்களில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். நான் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள். கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் எழுதுகிறேன். யாராவது முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்த ஊரைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அது சுரங்கத்துக்குள் போய்விட்டது. எங்களுக்குக் காணி நிலம் இல்லை. பிறர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். ஊர் காலியானபோது நிலமுள்ளவர்கள் அழுதார்கள், நாங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா காய்ச்சலில் இறந்ததாக உறவுக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம். அவர் சாராயத்தில் இறந்தார். இதை எழுத்தில் வைக்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

அண்ணன் கான்ட்ராக்டில் மண் சுமந்தார். பிறகு மைன்ஸில் மண்ணை வெளியே கொண்டுபோகும் பெல்ட் பிரிவில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் வாங்கினார். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு குழாய். அதில் அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, நான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே என்று முதல் நாள் நானும் அண்ணியும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அப்பாவின் பழக்கம் அண்ணனுக்கும் வந்திருந்தது. மதுவிலக்கு இருந்த காலம் அது. சட்டப்படி ஒரு சொட்டுக் கிடைக்காது. ஆனால் முந்திரிப் பழம் உதிரும் மாதங்களில், டவுன்ஷிப்பைத் தாண்டிச் சைக்கிளில் போனால் காட்டுக்குள் பழத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டு மணிக்குமேல் ஒரு ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? அண்ணனும் அவரோடு அதே பெல்ட்டில் வேலை செய்த கூட்டாளியும் நேராகக் காட்டுக்குப் போவார்கள். போலீஸ் கையில் சிக்கினால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும்வரை அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவர்கள் இருவர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்தக் கூட்டாளிதான் பிற்பாடு என் கணவரானவர். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன்.

பெல்ட்டில் ஒரு முறை உண்டு. ஊற்றுத் தண்ணீரில் ஊறிய களிமண் உருளையில் அப்பிக்கொண்டால், பெல்ட்டை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே நுழைந்து சுரண்ட வேண்டும். நுழைவதற்கு முன் மின்பெட்டியிலிருந்து பீஸ் கட்டையை உருவித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வெளியே சுவிட்ச் பக்கம் இன்னொருவர் நிற்பார். உள்ளே போனவர் திரும்பி வந்து தம் கையால் கட்டையை மாட்டினால்தான் பெல்ட் ஓடும்.

ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் உள்ளே போயிருந்தார். அண்ணன் சுவிட்ச் பக்கம் நின்றார். முதல் நாள் குடித்தது தலையைவிட்டு இறங்கவில்லை. நின்றபடியே கண் செருகிவிட்டது. எங்கோ மணி அடித்தது. பெல்ட்டை ஓட்டச் சொல்லும் மணி என்று நினைத்து அண்ணன் சுவிட்சை அழுத்திவிட்டார். பெல்ட் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று எரிச்சல்பட்டு இன்னொரு முறை அழுத்தினார். அப்புறம்தான் உள்ளே ஆள் இருப்பது நினைவுக்கு வந்தது.

பார்த்தவர் யாரும் இல்லை. அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் அது அத்தோடு போயிருக்கும். என் வீட்டுக்காரர் மண்ணும் சேறுமாக வெளியே வந்ததும் அண்ணனே சொன்னார். "டேய், நீ உள்ள இருக்கும்போது நான் அழுத்திட்டன்டா. ரெண்டு தபா." அவர் பீஸ் கட்டையைப் பெட்டியில் மாட்டிவிட்டு நடந்து போய்விட்டாராம்.

இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அண்ணன் வந்து குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்ததுதான் தெரியும். கூட்டாளி ஒரு வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. போலீஸ் கேஸோ என்று அண்ணி பயந்தார். ஒருவழியாகத் தொலைந்தான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக வீட்டுக்குள்ளேயே வந்து, சுவரில் சாய்த்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார். அண்ணனுடைய சைக்கிள் அதேபோல் கூட்டாளியும் அவர் அம்மாவும் இருந்த வீட்டில் போய் நின்றது. அண்ணன் சாவி அண்ணனிடம். ஷிப்டுக்குப் போகும் நேரம் தவிர யாருக்குச் சைக்கிள் வேண்டுமானாலும் மற்றவர் வீட்டுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். என்ன காரணம் சொன்னாலும் காட்டுக்குப் போவதானால் கொடுக்கக் கூடாது. இதுதான் ஏற்பாடு. எங்கள் ஒரே அறையில் பாதியை அந்தச் சைக்கிள் பிடித்துக்கொண்டது. இரவில் அதன் பெடல் என் காலை இடிக்கும்.

அடியோடு விடுவதாக அவர்கள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சம்பளம் வாங்கிய மறு ஞாயிறு மட்டும், சாப்பிட்ட பிறகு, இருவரும் சேர்ந்தே போய் ஒரு சின்ன டம்ளர். தனியாக யாரும் தொடக் கூடாது. இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வுடறவங்க ஒரேடியா வுடணும். இது இன்னா கணக்கு?" என்றேன்.

"ஒரேடியா வுட்டுட்டன்னு சொன்னா நாளைக்கே பொய் சொல்ல வேண்டி வரும்மா. இது சொன்னா சொன்னபடி செய்ய முடியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

வயிறு காய்ந்திருக்கும்போதுதான் அந்த நினைப்பு அதிகம் வருகிறது என்று அண்ணி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஷிப்ட் விட்டு வருவதற்குள் சோறு தயாராக இருக்கும், இல்லையென்றால் கேழ்வரகுக் கூழும் மோரும். இருவருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் பிளாக்குக்குப் பின்னால் முள்ளை வெட்டிச் சரிசெய்த இடத்தில் பூப்பந்து ஆடுவார்கள். அண்ணனுக்கு ஆடத் தெரியாது. பந்து ஒரு பக்கம் போனால் இவர் ஒரு பக்கம் போவார். ஆனாலும் வேர்த்து விறுவிறுத்து வந்து குளித்துவிட்டுத் தூங்குவார். கை நடுக்கம் குறைந்தது.

அடுத்த முந்திரிப் பருவத்தில்தான் சோதனை வந்தது. ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிடும் நேரத்துக்கு வராமல், சற்றுக் கழித்து வேகமாக வந்து சைக்கிள் மேல் கை வைத்தார். முகமே சரியில்லை.

"அம்மாவ பண்ருட்டி பஸ்ஸுல ஏத்தி வுடணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

"போன வாரமும் அம்மாவத்தான சொன்ன? அம்மா வூட்டுலதான இருந்தாங்க?" அண்ணன் எழுந்து போய் வாசலை மறைத்து நின்றார்.

"இது நெசம்டா. வழிய வுடு."

"மொதல்ல கூழு குடி. அப்புறம் பேசலாம்."

அவர் அடித்துவிட்டார். அண்ணனுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். எதிர் வீட்டுக் கதவுகள் திறந்தன. அடுத்த வரிசையில் ஃபோர்மேன் வீடு. சத்தம் அங்கே போனால் ஏன் எதற்கு என்ற விசாரணை வரும், எல்லாமே வெளியே வந்துவிடும். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். என் கையில் கூழ்க் கரண்டி இருந்தது. அதை ஓங்கிவிட்டேன். பிற்பாடு தாலி கட்டப்போகிறவர் என்று யார் கண்டது?

அண்ணன் திருப்பி அடிக்கவில்லை, நகரவும் இல்லை. "இன்னொன்னு அடிச்சாலும் இங்கதான் நிப்பன்" என்றார்.

அந்த நேரம் தெருமுனையில் அவருடைய அம்மா கையில் பையோடு வந்துகொண்டிருந்தார். "ஏன்டா, சைக்கிள் எடுக்க இம்மா நேரமா? பஸ்ஸு பூடிச்சே!" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அண்ணன் வாயைப் பார்த்துப் பையைக் கீழே போட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பையை எடுத்துத் தோளில் போட்டார். அடுத்த பஸ்ஸுக்கு எல்லோருமாக நடந்தோம். வழியெல்லாம் அந்த அம்மா மகனைத் திட்டிக்கொண்டு வந்தார். அவரை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அண்ணன் சொன்னார்:

"நீ சொன்னது நெசம். நான் நம்பல. தப்பு எம்மேலதான்."

என் வீட்டுக்காரர் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "நீ குடுக்காதது நல்லதுதான்டா. அம்மாவ ஏத்தி வுட்டுட்டு அப்பிடியே காட்டுக்குத்தான் போயிருப்பன்" என்றார். நடுரோட்டில் நின்று அழுதார். அண்ணனும் அழுதார். நானும்தான், ஆனால் நான் கோபத்தில் அழுதேன்.

அந்த ஆண்டு கடைசியில் அவர் என்னைப் பெண் கேட்டார். பண்ருட்டிப் பக்கத்து உறவில் இரண்டு மூன்று வரன்கள் இருந்தன. "கூடக் குடிச்சவனுக்கே தங்கச்சியக் குடுப்பியா? அப்பன் போன வழி பத்தாதா?" என்று உறவினர்கள் அண்ணனைக் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் வாழ்க்கை அது. எனக்கும் ராத்தூக்கம் இல்லை.

அண்ணன் சமையல்கட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் என் எதிரே உட்கார்ந்தார். சுவிட்சை அழுத்திய கதையை அப்போதுதான் எனக்குச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. "பாப்பா, நாங்க ரெண்டு பேரும் இன்னும் மாசம் ஒரு டம்ளர் குடிக்கறவங்கதான். இன்னைக்கு இருக்கற மாதிரியே என்னைக்கும் இருப்பான்னு என்னால எழுதித் தர முடியாது. என்னப் பத்தியே எழுதித் தர முடியாது. நீ வேணாம்னா வேணாம்" என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "நீ அழுத்தினத சொன்னப்புறம் அவரு உன்ன இன்னாண்ணா செஞ்சாரு?"

"ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. வேற ஆளோட வேலைக்குப் போனான். அப்புறம் ஃபோர்மேன்கிட்ட பழைய ஆளையே போடச் சொல்லிட்டு வந்தான். நான் வேணாண்டான்னன். என்ன அதே சுவிட்ச் பக்கம் நிக்க வெச்சிட்டு உள்ள போனான்."

எனக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு உலையைக் கிளறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரும் மெல்ல மெல்ல இரண்டு மாதத்துக்கு ஒன்றாகி, தீபாவளிக்கு மட்டும் என்றாகி, ஒரு தீபாவளிக்கு இருவரும் மறந்தே போனார்கள். நடுவில் வழுக்கியதும் உண்டு. அண்ணன் ஒரு முறை நடந்தே காட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் தேடிப் போய்க் கூட்டி வந்தார். வழியில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்று அண்ணன் பல முறை சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் மதுவிலக்கை எடுத்துக் கடைகள் வந்தபோது பிளாக்கில் பலருக்கும் தடுமாற்றம். அவர்கள் மனைவிமார் அண்ணியைத் தேடி வந்தார்கள், ஆண்கள் பூப்பந்து மைதானத்துக்கு வந்தார்கள். அண்ணன் யாருக்கும் புத்திமதி சொன்னதில்லை. கூட உட்காருவார், அவ்வளவுதான்.

தம் மகனிடம் மட்டும் அவருக்கு அப்படி உட்கார வரவில்லை. மகன் குடிக்கிறான் என்று தெரிந்ததும் அதட்டினார், அடிக்கக் கை ஓங்கினார், பல மாதம் பேசாமல் இருந்தார். மருத்துவமனையில் கடைசி நாட்களில் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியது அதைப் பற்றித்தான். "எல்லார்கிட்டயும் பேசனன் மச்சான். அவங்கிட்ட பேசத் தெரியல."

அந்த நாட்களில் முறை வைத்துக் காவல் இருந்த பெல்ட் பிரிவு நண்பர்களுக்கும், குள்ளஞ்சாவடியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் பஸ் மாறி வந்து துணை நின்ற சொந்தங்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், என்னைக் கட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அன்று சண்டை போட்டு இன்று அண்ணனுக்குத் தோள் கொடுத்த குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. ஐம்பது வருடத்துக்கு மேல் அண்ணன் குடித்ததையும் குறைத்ததையும் சேர்த்தே சுமந்த அண்ணிக்கு நன்றி என்ற சொல் போதாது.

காரியத்தன்று அண்ணன் மகன் குடித்திருந்தான். எல்லோரும் பார்த்தீர்கள், நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன்பின் வாரம் தவறாமல் வருகிறான். சில வாரம் முகம் தெளிவாக இருக்கும், சில வாரம் இருக்காது. ஆனாலும் வருகிறான்.

இந்த மலருக்கு உன் அப்பாவைப் பற்றி என்ன எழுதட்டும் என்று அவனைக் கேட்டேன்.

"அவரு குடிச்சத எழுதுங்க அத்தை" என்றான். "எங்கிட்ட அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. நான் ஒருத்தன்தான் இப்பிடின்னு நெனச்சிகினு இருந்தன்."

எழுதிவிட்டேன்.