கழுகுப் பாய்ச்சல்

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் ஒரு பழைய சாமான் கடைக்கு மகளோடு போயிருந்தேன். மூலையில் ஒரு சோடி பனிச்சறுக்குக் கட்டைகள் சாத்தியிருந்தன. என்னைவிட உயரம். அடியில் பூசிய மெழுகு இன்னும் மணத்தது.

"அப்பா, இது சோ ஓல்ட்! உங்களுக்கு ஸ்கீ பண்ணத் தெரியுமோ?"

"விழத் தெரியும்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளே, இது நான் கனடாவுக்கு வந்த இரண்டாவது பனிக்காலத்தில் நடந்தது. ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நானும் என் ஊர்ச் சிநேகிதன் யோகனும் பெட்டி அடுக்கினோம். எத்தனை தரம் குளித்தாலும் தலைமயிரில் வனிலா மணக்கும். பஸ்ஸில் குழந்தைகள் எங்களையே பார்க்கும்! அங்கே மெசின் திருத்தும் மார்ட்டி, ஃபின்லாந்துக்காரர், அறுபதை நெருங்கியவர். அவர்தான் ஒரு ஞாயிறு எங்களை வடக்கே ஒரு சிறிய பனிக்குன்றுக்குக் கூட்டிப்போனார்.

காலை முழுக்க விழுந்து எழும்பினோம். பிறகு கட்டைகளைக் கழற்றிவிட்டு, மார்ட்டி பாய்வதைப் பார்க்க ஒரு மேட்டுக்குக் கீழே ஓரமாக நின்றோம். மேட்டு விளிம்பில் எழும்பி, அந்தரத்தில் கையையும் காலையும் அகல விரித்து, கழுகு மாதிரிப் பறப்பார். அவர் இளவயதில் எல்லாரும் பழகிய பாய்ச்சலாம்.

"மச்சான், உந்த வயசில எங்கட ஐயா சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பமாட்டார்" என்றான் யோகன்.

மார்ட்டி மூன்றாம் முறை மேலிருந்து புறப்பட்டார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் செயற்கைப் பனி தூவும் இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள். அப்படியொரு இரைச்சல். ஊரில் குண்டு போடப் பொம்மர் விமானம் தாழப் பதிந்து வருகிற அதே சத்தம்.

"டேய், படு!"

கத்தியபடி யோகன் பாய்ந்து மேட்டின் அடியில் ஒட்டிக்கொண்டான். நானும் அங்கே ஓடினேன்; பாதி வழியில் வழுக்கி, காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தேன். மார்ட்டி வந்து இறங்குகிற இடம் அதுதான்.

மேட்டுக்கு மேலே எழும்பிய பிறகுதான் அவர் என்னைக் கண்டிருக்கிறார். என்னில் படாமல் இருக்க, விரித்த காலைச் சேர்க்காமலே இறங்கினார். என் இரண்டு பக்கமும் கட்டைகள் பனியைக் கிழித்துக்கொண்டு போயின. தலையைத் தூக்கியபோது அவர் கீழே உருண்டுபோய்க் கிடந்தார். அசைவில்லை.

"செத்துப்போனாரோடா?" என்றான் யோகன்.

ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கிட்டப் போனதும் கண்ணைத் திறந்தார். ஏன் படுத்தாய் என்று கேட்டார். பொம்மரைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் காணாது. கையை விமானமாக்கி, இயந்திரத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

வேலையில் அவர் நொண்டுவதைப் பற்றி மற்றவர்கள் கேட்டபோது, வீட்டு வாசலில் சறுக்கியதாகச் சொன்னார். அதன் பிறகு அவர் பாயவேயில்லை.

அந்தக் குன்றைச் சமப்படுத்தி இப்போது வீடுகள் கட்டிவிட்டார்கள். கழுகுப் பாய்ச்சலும் இல்லை; இப்போதைய பொடியள் அந்தரத்தில் தலைகீழாகச் சுழலுகிறார்கள். சத்தம் கேட்டால் படுக்கிற பழக்கமும் எப்போதோ என்னை விட்டுப் போய்விட்டது. அது அந்தப் பனிக்காலத்துக்கு முந்தியே போயிருந்தால், மார்ட்டி இன்னும் சில வருடம் பறந்திருப்பார்.