மேயர் மேடம்

அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் சரித்திரம் எனக்கு இன்றும் அத்துப்படி. எந்த ராஜா அதற்குச் சந்தை கூட்டும் உரிமை கொடுத்தார், கவுன்சிலர்கள் எந்தச் சாக்கடைக்காக அடித்துக்கொண்டார்கள், மேயர் ஏன் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுகிறார், எல்லாம் தெரியும். எங்கள் டீச்சர் இங்கிலாந்தில் அந்தச் சின்ன நகரத்துக்காரர். வளைகுடாவில், புஜைராவில் பிரிட்டிஷ் பாடத்திட்டம் படித்த எங்களுக்கு, நாங்கள் குடியிருந்த தெருவின் குப்பையை யார் அள்ளுகிறார்கள் என்பதுதான் தெரியாது.

ஐந்தாம் வகுப்பில், அந்த நகரசபைக் கூட்டத்தை அப்படியே நடித்துக் காட்ட ஏற்பாடானது. நான்தான் மேயர். இனிப்பு டப்பாவின் ஜிகினாத் தாளில் அம்மா சங்கிலி செய்து கொடுத்தாள். பெற்றோர் பார்வையாளர்கள். அழைப்பில், பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதுவும் நாடகத்தில் சேர்த்திதான். பூங்காவை நாய்கள் அசுத்தம் செய்வது பற்றிய கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு பையன் பெற்றோர் நடுவில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

அப்பா எண்ணெய்க் கிடங்கில் ஃபோர்மேன். டூட்டியை மாற்றிக்கொண்டு, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையில் வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான் சுத்தியலைத் தட்டி, பொதுமக்களில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பையன் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் கிராமசபையில் செய்வது போலவே நாலாபக்கமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"மேயர் மேடம், ரெஸ்பெக்டட் பப்ளிக், குட் ஈவினிங். ஸ்கூல் பஸ் ப்ராப்ளம்."

சைட்டில் பேசும் இங்கிலீஷிலேயே தொடர்ந்தார். பஸ் பிள்ளைகளை மெயின்ரோட்டின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போகிறது. லாரிகள் நிற்பதில்லை. யாராவது அடிபடுவதற்குள், பஸ் எங்கள் பில்டிங் வாசலுக்கே வரும்படி சபை தீர்மானம் போட வேண்டும். 'தீர்மானம்' என்பதற்கு இங்கிலீஷ் அகப்படாமல் தமிழிலேயே சொன்னார்.

முதலில் என் கவுன்சிலர்கள் சிரித்தார்கள். அப்புறம் பின்வரிசை. யாரோ செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஜிகினாச் சங்கிலியோடு நான் கூனிக் குறுகிப்போனேன். இவர் என் அப்பா இல்லை என்று ஒரு வசனம் இருந்திருந்தால் அதைத்தான் பேசியிருப்பேன். எனக்கிருந்தது வேறு வசனம்.

"ஆர்டர்! ப்ளீஸ் சிட் டவுன், சார்."

"சாரி மேடம்," என்று அப்பா உடனே உட்கார்ந்தார். பையன் எழுந்து நாய்களைப் பற்றிக் கேட்டான். கைதட்டல் பலமாக இருந்தது.

திரும்பும்போது காரில் அம்மா பொரிந்து தள்ளினாள். "அது டிராமாங்க. சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

"பாப்பாதான கேட்டா, எதாச்சும் சொல்லணுமான்னு," என்றார் அப்பா.

எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. பஸ் ஆபீசுக்கு அவர் பலமுறை அலைந்ததையும், ஒவ்வொரு முறையும் "கலாஸ், முடிந்தது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவர்கள் அனுப்பிவிட்டதையும் அம்மா பிற்பாடுதான் சொன்னாள். வந்து இறங்கிய நாள்முதல் அந்த நாட்டில் விசா கொடுத்த கஃபீலும் மேனேஜரும் சொல்வதற்குத் தலையாட்டியே பழகியவர் அவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அங்கே முதல்முதலாகக் கேட்ட ஆள் நான்தான் என்பது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்த அந்த மேயருக்கு விளங்கவில்லை.