ஊசி போட்டாச்சு, ஃபாதர் வரலை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு சப்பாத்தி அடுக்கு என் உயிரை எடுத்துவிட்டது.

எரியோட்டில் என் தங்கை ஸ்டெல்லா புது வீடு கட்டியிருக்கிறாள். அன்றைக்கு வீடு மந்திரிப்பு. ஃபாதர் வந்து ஜெபம் செய்து, ரூம் ரூமாகத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் சாப்பாடு. பந்தலில் எல்லாருக்கும் பிரியாணி. என் மகள் ஜெனிக்கு மட்டும் ஸ்பெஷல்... ஸ்டெல்லா வீடியோ பார்த்துச் செய்த மெக்சிகன் டார்ட்டியா கேசரோல்! டார்ட்டியாவுக்குப் பதில் சப்பாத்தி. அதன் மேல் ராஜ்மா, சோளம், கோழி, சீஸ். மறுபடி சப்பாத்தி, மறுபடி ராஜ்மா... மாடி மாடியாக அடுக்கி ஓவனில் வைத்து எடுப்பது.

ஏன் ஸ்பெஷல்? ஏழாவது படிக்கும் ஜெனிக்கு டைப் ஒன் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி, போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். இது எங்கள் வீட்டையும் ஸ்டெல்லாவையும் தாண்டி யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளையாச்சே, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம். அப்புறம் பத்திரிகையில் எப்படி எழுதுகிறாய் என்கிறீர்களா? அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"இதுல சோறே இல்லக்கா. எம்புட்டு வேணாலும் சாப்பிடட்டும்" என்றாள் ஸ்டெல்லா, பெருமையாக.

நம் ஊர் நியூட்ரிஷன் அவ்வளவுதான்! சோறு இல்லையென்றால் சர்க்கரை இல்லை. சப்பாத்தி என்ன காற்றிலா செய்கிறோம்? ராஜ்மாவில், சோளத்தில் மாவுச்சத்து இல்லையா? சத்தான சாப்பாடுதான், மறுக்கவில்லை. கோழியிலும் ராஜ்மாவிலும் புரதம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் சீஸில் இருக்கிற கொழுப்பு எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செரிக்க விடும். சர்க்கரை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. ரெசிப்பியில் 'ஒரு சர்விங்'குக்கு எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் போட்டிருந்தது. படத்தில் அந்த சர்விங் சோப்புக்கட்டி சைஸ். ஸ்டெல்லா வெட்டி வைத்திருந்ததோ செங்கல் சைஸ்! தராசு கேட்டேன். "ஏங்க்கா, இது என்ன நகைக்கடையா?" என்றாள்.

குத்துமதிப்பாக இன்சுலினுக்கு ஒரு கணக்குப் போட்டேன். "ஃபாதர் எங்கடி?"

"இந்தா, வாசலுக்கு வந்துட்டாங்கக்கா."

ரூம் கதவைச் சாத்தி, ஜெனிக்கு ஊசியைப் போட்டுவிட்டேன்.

திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். 'வாசலுக்கு வந்துட்டாங்க' என்றால் இன்னும் வண்டியையே எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்தேன்.

ஃபாதர் வந்தபோதே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. அதற்குப் பிறகு ஜெபம். ஒவ்வொரு ரூமிலும் ஒரு பாட்டு. மந்திரிக்காமல் யார் வாயிலும் எதுவும் படக்கூடாது என்பது ஸ்டெல்லாவின் மாமியார் உத்தரவு. போட்ட இன்சுலின் ஃபாதருக்காகக் காத்திருக்குமா? ஜெனியின் நெற்றியில் வியர்வை. கையைப் பிடித்தேன் — நடுங்கியது.

குளுக்கோஸ் என் பையில். பை பெட்ரூமில். பெட்ரூமில்தான் அப்போது ஜெபம், நிற்க இடமில்லாத கூட்டம். புகுந்து எடுத்தால், என்ன ஏது என்று கேட்பார்கள். என்ன சொல்வது? வயிற்றுவலி என்றா, தலைசுற்றல் என்றா? பெற்ற மகள் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், நான் பொய் தேடிக்கொண்டிருக்கிறேன்...

'டப்!'

திரும்பினால் பக்கத்தில் ஜெனி இல்லை. பந்தலில் அடுக்கியிருந்த சர்க்கரை போட்ட பன்னீர் சோடாவில் ஒன்றை எடுத்து, அவளே கோலியை உள்ளே அழுத்திவிட்டாள். பெட்ரூமில் பாட்டு நின்றுபோனது, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"ஏய் பிள்ள, செத்த நேரம் பொறுக்க மாட்ட?" — மாமியார்.

ஜெனி பாதி பாட்டிலைக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "பொறுத்தா மயங்கி விழுந்துருவேன் பாட்டி. எனக்கு சுகர். இன்சுலின் போட்டிருக்கேன்."

போச்சு, ரகசியம் பந்தலுக்கே தெரிந்துவிட்டது. ஃபாதர்தான் முதலில் பேசினார். "முழுசாக் குடிம்மா. அப்புறமாப் பாடிக்குவோம்." ஸ்டெல்லா கேசரோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அது இப்ப வேணாம் சித்தி, லேட்டாத்தான் வேலை செய்யும்" என்றாள் ஜெனி.

ஒருவழியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டில் செங்கல், என் தட்டில் பிரியாணி. பக்கத்தில் வேடசந்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. என் காதருகே குனிந்தார்.

"எம் மகளுக்கும் ஊசிதாங்க. காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. பாத்ரூமுக்குள்ள போயித்தான் போட்டுக்கிறா. நாந்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன்."

நானும் அதே கட்சிதானே.

ஜெனிக்குக் கேட்டிருக்க வேண்டும். "அம்மா, இன்னொரு துண்டு வேணும். கணக்குச் சொல்லு" என்றாள். மீட்டரில் சர்க்கரை அளவைப் பார்த்தோம், சரியாகியிருந்தது. எத்தனை யூனிட் என்று சொன்னேன். பேனா ஊசியை எடுத்து, பந்தி நடுவிலேயே கையில் போட ஆரம்பித்தாள். மறைப்பதற்கு என் முந்தானையைத் தூக்கப் போனேன்... விட்டுவிட்டேன்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்தார். "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா? எம் மகளுக்கு அனுப்பணும்."

"எடுங்கத்தை" என்றாள் ஜெனி. "ஆனா தட்டும் தெரியணும்!"