இரும்பக்கா அடித்த அடி

எங்கள் நாடக உடைக் கடையில் அவளுக்கு இரும்பக்கா என்று பெயர். இரும்பை அவள் தொட்டதே குறைவு. ஸ்பாஞ்ச் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி, பசை பூசி, அதை வாளாகவும் கேடயமாகவும் ஆக்குவதுதான் அவள் வேலை. முதலில் முழுக்கக் கறுப்பு அடிப்பாள். பிறகு பிரஷ்ஷை வெள்ளிப் பெயிண்டில் தொட்டு, முக்கால்வாசியைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் இழுப்பாள். பென்சில் கரித்தூளை விரலால் தேய்ப்பாள். மூலைகளில் பழுப்பை ஒற்றி எடுத்தால் துரு. அரைக் கிலோகூட இல்லாத கவசத்தைப் பார்த்தாலே நமக்குத் தோள் வலிக்கும்.

நான் அங்கே டெய்லர். என் மிஷினுக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஆறடி. பதினோரு வருஷத்தில் அந்த ஆறடியைத் தாண்டி அவளுக்காக நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. என் லட்சணம் அவ்வளவுதான்.

அவள் புருஷன் லாரி டிரைவர். அடிப்பான். கை ஓங்குவான் என்று நாசூக்காகச் சொல்ல எனக்கு மனசில்லை. பெல்ட்டால் அடிப்பான், செருப்பால் அடிப்பான், ஒரு தடவை அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். மறுநாள் வந்து இடது கையால் பெயிண்ட் அடித்தாள். பித்தளைக் கிரீடத்தில் களிம்பு ஏறின மாதிரிக் காட்ட, பச்சையும் மஞ்சளும் எப்படி இவ்வளவு சரியாகக் கலக்கிறாள் என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். சட்டைக் கையை மேலே தள்ளி, ஆறிக்கொண்டிருந்த ஓர் அடியைக் காட்டினாள்.

"ஏழாம் நாள் இந்தக் கலர் வரும் டெய்லர். இதைப் பாத்துத்தான் கலக்குறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

தன் உடம்பில் விழுந்ததையெல்லாம் தாங்கினவள், மகள் விஷயத்தில் தாங்கவில்லை. பதினாறு வயசுப் பெண்ணை லாரி முதலாளியின் தம்பிக்குக் கட்டித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடையின் மாடி அறைக்கு வந்துவிட்டாள். ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் மதியம், கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது அவன் வந்தான்.

பெண் கீழேதான் உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் அவள் முடியைக் கையில் சுற்றி வாசலுக்கு இழுத்தான். பெண் போட்ட அலறலில் நான் எழுந்து, "அண்ணே, வேணாம்ணே" என்றேன். பெரிய வீரம்! அவன் முழங்கை என் வாயில் இறங்கியது. மிஷின் முன்னாலேயே பொத்தென்று உட்கார்ந்தேன், இரண்டு பல் என் மடியில் விழுந்தது.

இரும்பக்கா பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். பெண்ணை விட்டுவிட்டு இவள் வயிற்றில் உதைத்தான். சுருண்டு விழுந்தவளைப் பார்த்தபடி, சுவரில் மாட்டியிருந்த கோடரியை உருவி, இரண்டு கையாலும் ஓங்கி அவள் தலையில் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோடரி மடங்கித் தொங்கியது. அடுத்து வாளை எடுத்தான், அது வளைந்தது. கதாயுதத்தை எடுத்தான், அது அவள் முதுகில் பட்டுத் துள்ளியது. முடி பிய்ந்த தலையிலிருந்து ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பயத்தில் வந்த சிரிப்பு.

"சிரிக்கிறியா? ரெண்டு பேரையும் இங்கேயே கொன்னு போடுறேன்."

மேஜை மேல் இரண்டு சுத்தியல் இருந்தது. ஒன்று மாதிரிக்காகப் பட்டறையில் இரவல் வாங்கினது. மற்றது அதைப் பார்த்து அன்று காலையில் அவள் செய்து முடித்தது. மூன்று தடவை ஏமாந்தவன் இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தான். விளிம்பு பளபளத்து, கழுத்தில் துருப் பிடித்து, முகமெல்லாம் அடிபட்ட தழும்போடு இருந்ததை எடுத்தான். நிஜ இரும்பு அப்படியிருக்காது. சாம்பல் பூத்து, சவசவ என்று கிடக்கும். மேடையில் வைத்தால் அட்டை என்பார்கள். அதனால்தான் இரும்பக்கா எப்போதும் நிஜத்துக்கு மேலே கொஞ்சம் சேர்ப்பாள். அவன் எடுத்தது அவள் வேலையை.

தூக்கியதுமே கனம் இல்லை என்று தெரிந்திருக்கும். அவன் முகம் மாறியது. அதற்குள் அவள் எழுந்து மற்றதை எடுத்துவிட்டாள். முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது என் மிஷின்வரை கேட்டது. இரண்டாவது முழங்காலில். அவன் விழுந்தான். மூன்றாவதை அவன் தலைக்கு நேராக ஓங்கினாள்.

"அம்மா!" என்று பெண் கத்தினாள்.

சுத்தியல் திரும்பி அவன் தோளில் இறங்கியது.

யாரோ கூப்பிட்டுப் போலீஸ் வந்தது. எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஸ்பாஞ்ச் சுத்தியலை எடுத்துப் போலீஸ்காரரிடம் நீட்டினேன்.

"இந்தம்மா இதாலதான் அடிச்சாங்க சார். வெறும் ஸ்பாஞ்சு. அந்தாளு படியில விழுந்து உடைச்சுக்கிட்டாரு."

அவர் அதை வளைத்துப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார், பெண்ணின் தலையைப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொள்ள அவருக்கும் மனசு இருந்தது.

"இல்ல சார், இதால" என்று இரும்பக்கா நிஜச் சுத்தியலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னக்கா பண்றீங்க? சும்மா இருங்க!"

"நீங்க சும்மா இருங்க டெய்லர். ஸ்பாஞ்சுன்னு எழுதிட்டா, கட்டுப் பிரிச்ச அன்னிக்கே வந்து பொண்ணைத் தூக்கிட்டுப் போவான். இரும்புன்னு அவன் காதால கேக்கணும்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"மூணாவது அடி உன் தலைக்குத்தான் ஓங்கினேன். இவ கூப்பிட்டா, விட்டுட்டேன். அடுத்த தடவை கூப்பிட மாட்டா."

அவளுக்கு நாலு மாசம் ஜெயில். பெண் என் வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவனுக்குக் கை கூடி, மறுபடி லாரி ஓட்டுகிறான் என்று கேள்வி. எங்கள் தெருப்பக்கம் இதுவரை வரவில்லை.