திருநீறும் கையெழுத்தும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளையும், தாயில்லாத பேத்தி ஒருத்தியையும் வளர்த்தேன்.

அந்தப் பேத்தி பொருளாதாரம் படிக்கும்போதே இயேசுவை ஏற்றுக்கொண்டாள். பிறகு சர்வதேச வணிகம் படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்தது. படிப்புக் கடனுக்கு என் நிலத்தை ஈடு வைக்க வேண்டும். வேங்கிக்காலில் உள்ள வங்கியில், எல்லோர் முன்னிலையிலும் பேனாவை மூடிவிட்டு, சுருக்குப் பையிலிருந்து கோயில் திருநீற்றை எடுத்தேன்.

"இத நெத்தியில வச்சுக்கோ, கையெழுத்துப் போடறேன். வியாபாரம் படிக்கப் போறவளுக்குப் பேரம் தெரியாதா?" என்று சிரித்தேன்.

"எத விக்கக் கூடாதுன்னும் தெரியும் ஆயா," என்று காகிதங்களை மடித்துக்கொண்டாள்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் ஆட்டோ ஏறினேன்.

இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். எனக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எழுத்துக்கூட்டி இதுவரை எழுதியதை அவளிடமே நீட்டினேன்.

"சத்தமா படிச்சுக் காட்டுடி."