அப்பாவை வரச் சொன்னார்கள்

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. தபால் வழியில் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணமங்கலத்துப் பக்கம் எங்கள் கிராமம். காலை பஸ்ஸில் வந்தால் கடை சாத்தும்வரை வேலை. புடவை எடுக்க வருகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாங்கள் நின்றபடியே பிரித்துக் காட்டி, நின்றபடியே மடித்து வைப்போம். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, கேமராவில் தெரிந்துவிடும். முகூர்த்த மாதங்களில் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் வீங்கிய காலில் வார் பதிந்திருக்கும்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதை என்னோடு வேலை செய்த, ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து வரும் பெண்தான் போனில் காட்டினாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். "நீதான் நல்லா பேசுவ, நீ கேளு" என்றாள். கூட்டம் இல்லாத ஒரு மதியம் ஓனரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, ஆள் இல்லாதப்ப உக்கார ரெண்டு மூணு ஸ்டூல் போட்டா நல்லா இருக்குங்க. சட்டத்துலயும் அப்டிதான் இருக்குதுங்க."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"இன்னா வயசு உனக்கு?"

"பத்தொம்பதுங்க."

"சட்டம் பேசற வயசா இது? உங்கப்பா நம்பர் சொல்லு."

சொன்னேன். நின்றது என் கால், கேட்டது என் வாய். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வதுபோல் மடமடவென்று சொல்லிவிட்டேன்.

அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, வேலையைப் பாதியில் விட்டு, புருவமெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்தார். மற்றவர்கள் மெத்தைக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றுவார்கள். அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், கழற்றிவிட்டு வந்தார். கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் மகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் யாரோ என்பதுபோல் நான் திரும்பிக்கொண்டு, மடித்த புடவையையே மறுபடி மடித்தேன்.

"வாப்பா. உன் பொண்ணு எனக்கே ரூல்ஸ் சொல்லுது. இன்னா சேதி?"

ஓனருக்கு முப்பது தாண்டியிருக்கும். அப்பாவுக்கு ஐம்பதுக்கு மேல். சின்னப் பெண்ணோடு பேச முடியாது, பெரியவர் வரட்டும் என்றுதான் கூப்பிட்டார். வந்த பெரியவரை 'நீ' என்றார்.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "சின்ன பொண்ணுங்க. தெரியாம பேசிட்சி. மனசுல வெச்சிக்காதீங்க."

"பாத்து சொல்லி வை."

"சரிங்க."

நான் இன்னொரு புடவையை எடுத்து மடித்தேன்.

அன்று வீட்டில் அப்பா திட்டவில்லை. "கால் அவ்ளோ வலிக்குதாமா?" என்றார். இல்லை என்றேன். பிறகு, "நீ ஏம்பா அவர கும்புட்ட?" என்று நான்தான் கத்தினேன்.

"வேற இன்னா பண்றது? உனக்கு வேலை வேணுமில்ல?"

அடுத்த மாதம் சேத்துப்பட்டுப் பெண்ணே கேட்கப் போனாள். துணைக்கு என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். ஓனர் அதே கேள்வியைக் கேட்டார், அப்பா நம்பர்.

"என் நம்பர் உங்ககிட்ட கீதுங்கண்ணா. வேலை செய்றது நான். எதுனாலும் என்கிட்டயே பேசுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் இதையேதான் சொல்றியா?"

எனக்கு அப்பாவின் கூப்பிய கைதான் ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அவரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் நிமிரவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. ஓனர் எப்படியோ அவள் வீட்டுக்குப் பேசியிருந்தார். அவள் அப்பா வேலையை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் கடைக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. ஓனருக்கு ரொம்ப நல்ல மனசு என்று சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மாறி மாறி உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சுகம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

லீவு நாளில் சேத்துப்பட்டுக்குப் போனேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஸ்டூல் போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"ரெண்டா? எட்டு பேருக்கா?" சிரித்துவிட்டு உள்ளே டீ போடப் போனாள்.

அவள் அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வேலைக்கு அனுப்பனா வாய்தான் வளருது. உங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன். "அவளுக்கு இருபது வயசுங்க. அவ தப்பா ஒண்ணும் பேசல. வேலைக்குப் போறதா வேணாமான்னு அவளயே கேளுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் டீயோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எனக்குப் போகணும்பா" என்றாள். "அந்தக் கடைக்கு இல்ல. வேற எங்கனா."

அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் சேத்துப்பட்டிலேயே ஒரு மருந்துக் கடையில் சேர அவளை விட்டார். ஆரணிக்கு அவள் வரவே இல்லை.

அன்று சேத்துப்பட்டிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரோ ஒருவருடைய அப்பாவிடம் வந்த வார்த்தை, என் அப்பா எனக்காகக் கும்பிட்டு நின்றபோது ஏன் வரவில்லை என்று நினைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி நான் பேசி இருக்கணும்பா. எங்கப்பாவ நீ வான்னு பேசாதீங்கன்னாச்சும் சொல்லி இருக்கணும்."

"சொல்லி இருந்தா வேலை போயிருக்கும்."

தட்டைக் காலி செய்தார். பிறகு, "ஆனா சொல்லி இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.